திருத்தம்

நாற்காலிகளைத்தான் முதலில் எடுத்தோம்.
வகுப்புக்கு நாற்பத்திரண்டு.
பள்ளிக் கதவின் கம்பி இடுக்குகளில்
கால்கள் தெருவைப் பார்க்கச் செருகிச் செருகி
ஒரு முள்ளம்பன்றியைச் செய்து முடித்தபோது
வல்பரைசோ துறைமுகத்தில்
பாரந்தூக்கிகள் விளக்கேற்றிக்கொண்டன.

அக்கா பல்மருத்துவம் படித்த கடனை
அப்பா இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்.
எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.
மற்றவர்களிடம் பெரிய காரணங்கள் இருந்தன.

ஐம்பத்தொரு இரவு உள்ளே கிடந்தோம்.
தேசப்படத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்,
ஆண்டிஸ் மலை தோளில்,
பசிபிக் முழங்காலில்.
லௌத்தாரோ பருப்பு வேகவைப்பான்,
தினமும் ஒரு கல்லாவது இருக்கும்.
கண்ணீர்ப்புகைக்கு எலுமிச்சம்பழம்,
ஆளுக்குப் பாதி.
பல்கூச்சம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.
கோஷங்கள்தான் மறந்துவிட்டன.

அந்தக் குளிர்காலத்தில்
ஒரு நாளேடு என் படத்தைப் போட்டது.
வாய் பிளந்தபடி நான்.
கீழே:
‘நாற்காலிக் காலுடன் கலகக்காரி யாஸ்மின், வயது பத்தொன்பது.’

நான் யாஸ்னா.
எனக்குப் பதினாறு.
கையில் இருந்தது கிளாரினெட்டின் கீழ்ப்பாதி.
இசை அறையில் தண்ணீர் பீய்ச்சியபோது
அவ்வளவுதான் மிஞ்சியது.

கூட்டத்தில் உரக்கப் படித்துச் சிரித்தார்கள்.
நான் ஒரு துண்டறிக்கையைத் திருப்பி
ஆசிரியருக்கு எழுதினேன்,
மூன்று பிழை, மூன்று வரி.

பதினேழு நாள் கழித்து
ராசிபலனுக்கும் இரங்கல் விளம்பரத்துக்கும் நடுவே
கடுகெழுத்தில் என் பெயர் வந்தது, சரியாக.
தொண்டை கிழியக் கத்தியும் நகராத ஏதோ ஒன்று
அங்கே ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.
வயதையும் கிளாரினெட்டையும்
அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்
என்று கேட்பவர்களிடம் சொல்வதுண்டு.
பாதி பொய்.
அம்மாவின் மீன் ஆலை மூடிக்கிடந்தது,
வரிக்கு இவ்வளவு என்று
இங்கே காசு கொடுத்தார்கள்.

ஒன்பது வருடம் ஆயிற்று.
அதே கோரிக்கை, வேறு பிள்ளைகள்.
வண்டிமேடையில் லௌத்தாரோ,
இப்போது ஆசிரியர் சங்கத்துக்காரன், கொஞ்சம் தொப்பை.
‘இருபதாயிரம் பேர்!’ என்றது ஒலிபெருக்கி.
ஆயிரத்து இருநூறு என்றது காவல்துறை.
நான் மணிக்கூண்டின் அடியில் நின்று
வரிசைக்கு எத்தனை தலை,
நிமிடத்துக்கு எத்தனை வரிசை என்று எண்ணினேன்.
நாலாயிரத்து முந்நூறு,
தள்ளுவண்டிக் குழந்தைகளையும் சேர்த்து.
எழுதினேன்.

இரவு பதினொரு மணிக்கு அழைத்தான்.
‘நீ யார் பக்கம்?’
‘பன்னிரண்டாம் பக்கம்’ என்றேன்,
‘கீழே, இடது மூலை.’
சிரிப்பான் என்று நினைத்தேன்.
பருப்பில் கல் கடிபட்ட மாதிரி
ஒரு சத்தம் வந்தது.
வைத்துவிட்டான்.

காலையில் இன்னொரு அழைப்பு.
சின்னக் குரல், மூச்சு வாங்குகிறது.
‘தொழிற்பள்ளியிலிருந்து நாங்களும் வந்தோம்,
குன்றிலிருந்து இறங்கி, மீன்சந்தைத் தெரு வழியாக.
மணிக்கூண்டுப் பக்கம் நாங்கள் வரவேயில்லை.
எங்களை யாரும் எண்ணவில்லை.’

சந்தைக்குப் போனேன்.
ஐஸ்கட்டி உடைப்பவர் பார்த்திருக்கிறார்.
காப்பிக்கடைப் பெண் பார்த்திருக்கிறாள்,
கதவடைத்த நேரத்தைக்கூடச் சொன்னாள்.
அவள் மாடிக் கேமராவில் எண்ணினேன்,
இரண்டு முறை,
இரண்டாவது முறை பின்னாலிருந்து.
நானூற்றுப் பதினொன்று.

அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்தேன்.
பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னேன்.
மில்லாராய்.
வயது?
பதினாறு.
‘கையில் என்ன வைத்திருந்தாய்?’
‘அட்டை. மழையில் மை கரைந்துவிட்டது.
ஏன் கேட்கிறீர்கள்?’

என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.
சொன்னாள்.
அதையும் குறித்துக்கொண்டேன்,
கடுகெழுத்தில் அதற்கு இடம் இருக்காது
என்று தெரிந்தும்.